நாலு சாவிப் பூட்டு

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். ஊர்ப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர், "ஓகோ, பூட்டா!" என்று சிரிப்பார். சிலர் தம் சட்டைப் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். பூட்டுச் செய்கிற ஊர்க்காரன் பூட்டைத் திறக்கவும் தெரிந்தவன்தானே என்ற ஐயம் போலும்! அந்த ஐயத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பாட்டனார் பூட்டுத் தொழிலாளி. என் தந்தையும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் பட்டறையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள் நான்.

வறண்ட மண்ணில் பயிர் விளையாததால் இரும்பு விளைந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, உள்ளே லீவர் என்னும் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையாலேயே பூட்டுச் செய்வது அங்குள்ள வழக்கம். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கவேண்டும். ஒரே ஒரு தகடு மயிரிழை தவறினாலும் பூட்டு இசையாது. மாங்காய் வடிவப் பூட்டு, கோவில் கதவுகளுக்கான கனத்த பூட்டு, வேறு சாவியைப் போட்டால் மணியடித்து ஊரைக் கூட்டும் பூட்டு என்று அதில் எத்தனையோ வகை! அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து இறங்கிய பிறகு பட்டறைகள் குறைந்துவிட்டன. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ஆம் ஆண்டில். பெருமைதான். ஆனால் பெருமை வந்தபோது அரம் பிடிக்கும் கைகள் பல ஓய்ந்துபோயிருந்தன.

இத்தகைய வீட்டில் பிறந்தவனுக்குக் கதவு என்றாலே பூட்டுத்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் இரவின் கடைசிச் சொல், "பூட்டியாச்சா?" என்பது. பாட்டனார் எழுந்துபோய்ப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். மூன்றாம் முறை இழுத்தால் பூட்டை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். தாம் செய்த பூட்டைத் தாமே நம்பாவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்பார்.

நண்பர்களே, இந்தப் பாட்டனாரின் பேரன்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தோல்பையும் ஒரு திண்டுக்கல் பூட்டுமாகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் மூலம் வலியசாலையில் ஒரு வீட்டு மாடியறை வாய்த்தது.

வலியசாலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் நெரிசலில் மிளகு, கொப்பரை, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் தாண்டி நடந்தால், கிள்ளியாற்றுக்கு இப்புறம் ஓர் அக்கிரகாரம் வரும். ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு வரிசை வீடுகள். வீட்டுக்கு வீடு இடைவெளி கிடையாது. பக்கத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. முகப்பு குறுகல், நீளமோ அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். தமிழ் நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் தெரு அது. சில வீடுகள் இடிந்து மாடிக் கட்டடங்களாகிவிட்டன. ஓட்டு வீடுகளாக எஞ்சியவற்றுள் ஒன்றில் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி தனியாக இருந்தார். மக்களில் ஒருவர் மும்பையில், மற்றவர் அமெரிக்காவில். மாடியில் நான்.

வந்த அன்று மாலை வெளியே கிளம்பினேன். பாட்டி, "கொழந்தே, தாக்கோல் எடுத்துண்டியோ?" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஏதோ தடியை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார், தெருவில் நாய் அதிகம் போலும் என்று எண்ணி, "வேண்டாம் பாட்டி, நான் பார்த்துப் போய்க்கொள்கிறேன்" என்றேன். பாட்டி சிரித்துவிட்டு மாடியறைச் சாவியைத் தூக்கிக் காட்டினார். தாக்கோல் என்றால் சாவி!

சரி, இது மலையாளச் சொல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நம் தமிழ்த்துறை நண்பர் ஒருவர் பிறகு என் அறியாமையை நீக்கினார். தாழைத் திறக்கும் கோல் தாழக்கோல், அதுவே தாக்கோல். நாகர்கோவில் பக்கத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியானால் 'சாவி'? அது போர்ச்சுகீசியர் கப்பலில் வந்த சொல்லாம். 'ஜன்ன'லும் 'அலமாரி'யும் அதே கப்பலில் வந்தவையே. வீட்டைக் காக்கிற பண்டங்கள் மூன்றுக்கும் கடல் கடந்து வந்தவர்களிடம் பெயர் வாங்கியிருக்கிறோம்! பூட்டு ஊரில் பிறந்த நான் அயல்மொழிச் சொல்லைத் தமிழென்றும், தமிழை அயல்மொழிச் சொல்லென்றும் எண்ணியிருந்தேன். அயலூரில் குடியிருப்பதன் முதற்பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே போன பிறகுதான் நம் வீட்டுப் பண்டம் எது, இரவல் எது என்று தெரிகிறது.

மாடியறைக்குத் தாக்கோல் உண்டே தவிர, வாசற்கதவுக்குப் பகலில் அது தேவைப்படவில்லை. காலை ஐந்து மணிக்குப் பாட்டி கதவைத் திறந்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் சாத்துவார். இடையில் கடைக்குப் போவார், கோவிலுக்குப் போவார், கூடத்தில் பாய் போட்டுக் கண்ணயர்வார். கதவு ஒருக்களித்தபடியே கிடக்கும். இரவிலும் ஒரு கொண்டி மட்டும்தான். அதையும் வெளியிலிருந்து ஒரு குச்சியை நுழைத்துத் தூக்கிவிடலாம். அந்த வித்தை தெரு முழுவதற்கும் தெரியும்.

எனக்கு முதல் வாரம் தூக்கம் வரவில்லை.

"பாட்டி, யாராவது உள்ளே வந்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"வரட்டுமே. வரத்துக்குத்தானே வாசல் வெச்சிருக்கு?" என்றார்.

மெல்ல மெல்ல அந்தத் தெருவின் பூட்டு எது என்பது எனக்குப் புலப்பட்டது. அது கதவில் இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தது. புதிய முகம் ஒன்று தெருவில் நுழைந்தால் நான்காவது வீட்டைத் தாண்டுவதற்குள், "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர் கையில் செய்தித்தாள் இருக்கும். கண் மட்டும் தாளில் இராது. பொதுச் சுவருக்கு அப்பால் பாத்திரம் விழுந்தால் இப்பால் கேட்கும். காலைக் கோலம் இன்னொரு காவல். வாசலில் கோலம் விழுந்திருந்தால் வீட்டில் ஆள் நலம் என்று பொருள். ஊருக்குப் போகிறவர்கள் அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள்; அடுத்த வீட்டு மாமி இரண்டு வாசலுக்கும் கோலம் போடுவார். கோலம் இல்லாத வாசல், ஆள் இல்லை என்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

காவலைப் பற்றிப் பேச வலியசாலை ஏற்ற இடம்தான். இங்குள்ள மகாதேவர் கோவிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. முதலாம் இராசராச சோழன் (985–1014) தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை வெற்றி இவ்விடத்தைக் குறிப்பதே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. விழிஞம் என்பாரும் உண்டு. அவன் இங்கே கப்பல்களை அழித்தானா, அறச்சாலையின் உணவு முறையை நிறுத்தினானா என்பதில் ஆராய்ச்சியாளருக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குத் தோன்றுவது ஒன்றே. பிற ஊர்களில் பறிகொடுத்தவன் புகார் எழுதிக் கொடுப்பான். இங்கே பறித்தவனே கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! அவனும் தமிழ் நாட்டிலிருந்து வந்தவன் என்பதை என் மலையாள நண்பர்கள் எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

கூப்பிடு தூரத்தில் பத்மநாபசுவாமி கோவில். 2011 ஜூனில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி நிலவறைகளைத் திறந்தார்கள். 'ஏ' என்று பெயரிட்ட அறையில் கண்ட பொன்னையும் மணியையும் கண்டு உலகமே வியந்தது. 'பி' அறையை அப்போது திறக்காமலே விட்டார்கள். அதன் பிறகு கோவிலைச் சுற்றி ஆயுதப் போலீஸாரும் கருவிகளும் வந்தன. என் வியப்பு பொன்னைப் பற்றியது அன்று. அத்தனை பொருளும் அத்தனை காலம், இத்தகைய ஏற்பாடுகள் ஒன்றும் இல்லாமல், கல்லறைகளையும் பழைய பூட்டுகளையும் மட்டுமே நம்பி இருந்ததே என்பதுதான். இருப்பது இன்னதென்று ஊருக்குத் தெரிந்த அன்றே காவல் தேவைப்பட்டது.

இனி மலையாள நண்பர் ஒருவரின் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓணத்துக்கு அழைத்திருந்தார். நெடுமங்காடு போகும் வழியில் வீடு. தென்னையும் பலாவும் மிளகுக் கொடியும் நிறைந்த பெரிய பறம்பு, நடுவிலே வீடு. சுற்றிலும் ஆள் உயர மதில்; இரும்புக் கேட். கேட்டில் நின்று கூப்பிட்டேன். முதலில் நாய் விடை சொன்னது. நெடுநேரம் கழித்து, "ஆரா?" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த வீடு எங்கே என்று தேடினேன். மரங்களுக்கிடையே ஓர் ஓட்டு முகடு மட்டும் தெரிந்தது. உம்மறத்தில் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரியும் என்றார் நண்பர். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் அறைக் கதவுகளில் இருக்கும் மணிச்சித்திரத்தாழைப் பற்றியும் அவர்தாம் சொன்னார். பித்தளை வேலைப்பாடு கொண்ட அலங்காரப் பூட்டு அது. 1993-இல் அந்தப் பெயரில் வந்த மலையாளப் படம்தான் 2005-இல் நமக்குச் 'சந்திரமுகி' ஆயிற்று. பூட்டிய அறையைத் திறந்தால் என்ன நேரும் என்பதே கதை. அவர்கள் பூட்டின் பெயரைப் படத்துக்கு வைத்தார்கள். நாமோ அறைக்குள் இருந்தவளின் பெயரை வைத்தோம்!

அந்த நண்பர் பிறகொரு நாள் வலியசாலைக்கு வந்தார். பாட்டியின் கூடத்தில் அரை மணி நேரம் இருந்தார். அதற்குள் அடுத்த வீட்டு மாமி இருமுறை வந்து போனார். எதிர்வீட்டு மாமா, "புதுப் பையன் யாரு?" என்று விசாரித்துக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் நண்பர் பெருமூச்சு விட்டார். "இங்கே ஒரு இரகசியம் பேச முடியாதே! எப்படி இருக்கிறாய்?" என்றார். "உங்கள் வீட்டில் கூச்சல் போட்டாலும் கேட்க ஆள் இல்லையே, எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன் நான். இருவரும் சிரித்தோம். விலகியிருப்பது அவர்களுக்குக் காவல். நெருங்கியிருப்பது இவர்களுக்குக் காவல். இரண்டுக்கும் விலை உண்டு. அங்கே தனிமையைக் கொடுக்கவேண்டும். இங்கே அந்தரங்கத்தைக் கொடுக்கவேண்டும்.

பள்ளித் தோழன் ஒருவன் லண்டனில் படிக்கிறான். அவனுக்கு இதை எழுதினேன். அவன் விடை இன்னும் வேடிக்கை. "இங்கே ஜன்னல்களுக்குக் கம்பியே கிடையாது. தெருக் கதவில் தபால் போட ஒரு வாய் வெட்டியிருக்கிறார்கள். முதல் நாள் இரவு பயந்து போனேன். ஆனால் வீட்டு முகப்பில் ஓர் அபாய மணிப் பெட்டி உண்டு. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தால் குளிரில் நிற்கவேண்டியதுதான். ஓராண்டாகியும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தான். ஜன்னலுக்கு ஏன் கம்பி இல்லை என்று அவன் விசாரித்தானாம். "தீப்பிடித்தால் எப்படி வெளியே குதிப்பது?" என்று எதிர்க்கேள்வி வந்ததாம்.

அந்தக் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. நமக்குப் புழுக்கம், இரவெல்லாம் ஜன்னல் திறந்திருக்கவேண்டும், ஆகவே கம்பி. அவர்களுக்குக் குளிர், கண்ணாடியை அடைத்துவிடுகிறார்கள், ஆகவே கம்பி வேண்டியதில்லை. இது தட்ப வெப்பத்தின் வேலை. ஆயினும் நாம் ஜன்னலைப் பார்க்கும்போது உள்ளே வரக்கூடியவனை நினைக்கிறோம். அவர்கள் வெளியே போகவேண்டியவனையும் நினைக்கிறார்கள். ஒரு கம்பி இருவரையும் சேர்த்தே தடுக்கிறது.

நெருங்கிய வாழ்வின் காவலை மேல்நாட்டார் அறியாதவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-இல் நகர வாழ்வைப் பற்றி எழுதிய நூலில், தெருவைப் பெரும்பாலும் காப்பவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடிமக்களின் கண்களே என்று வாதாடினார். இங்கிலாந்தில் 1982-இல் செஷயரிலுள்ள மாலிங்டன் என்னும் சிற்றூரில் அண்டை வீட்டுக் காவல் இயக்கம் தொடங்கியது. ஒருவர் வீட்டை மற்றவர் பார்த்துக்கொள்வோம் என்று பெயர் கொடுத்து, பலகை மாட்டிக்கொண்டார்கள். ஜப்பானில் கோபான் என்னும் சிறு காவற்சாவடிகள் பேட்டைதோறும் உண்டு. அங்குள்ள போலீஸ்காரர் வழி கேட்பவருக்கு வழி சொல்வார், வீடுகளுக்கும் போய் வருவார். கேரளத்திலும் 2008-இல் போலீஸார் ஜனமைத்ரி என்ற பெயரில் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு மாமா எந்தப் பலகையும் மாட்டவில்லை. செய்தித்தாள் ஒன்றே அவருடைய சீருடை.

இவ்வளவும் அறிந்த பிறகும் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லவேண்டும். சொல்லத் தயங்குகிறேன், ஆனால் அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

சென்ற ஆண்டு நகரில் பூட்டிய வீடுகளிலும் முதியோர் தனித்திருக்கும் வீடுகளிலும் திருட்டு நடப்பதாகச் செய்திகள் வந்தன. வலியசாலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் திண்டுக்கல் இரத்தம் சும்மா இருக்குமா? பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன், பாட்டியைத் தனியே விட்டுப் போகிறோமே என்ற கவலையில், வாசற்கதவின் உட்புறம் மேலும் கீழுமாக இரண்டு கனத்த தாழ்ப்பாள்கள் பொருத்தினேன். கொல்லைக் கதவுக்கு என் தந்தை செய்த பூட்டு. பொதுச் சுவரில், அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கும்படி ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. மோரும் கறிவேப்பிலையும் கைமாறும் வழி. அதன் கதவையும் ஆணியடித்துச் சிக்கென அடைத்தேன்.

பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை எதுக்குடா?" என்றார்.

"நான் வரும் வரைக்கும் இரவில் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள் பாட்டி. எனக்காக" என்றேன்.

எனக்காக என்ற ஒரு சொல்லுக்காக அவர் அப்படியே செய்தார்.

பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் முற்றத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. எழ முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அடைத்த ஜன்னலுக்கு அப்பால் குரல் சரியாகப் போகவில்லை. ஆறு மணிக்கு அடுத்த வீட்டு மாமி வாசலைப் பார்த்தார். கோலம் இல்லை. கதவைத் தட்டினார். உள்ளே முனகல் மட்டும் கேட்டது. குச்சியை நுழைத்துக் கொண்டியைத் தூக்கினார், கதவு அசையவில்லை. என் தாழ்ப்பாள்கள்! கொல்லைப் பக்கம் ஓடினார்கள். என் தந்தையின் பூட்டு! நான்கு பேர் தோள் கொடுத்தும் கதவு இளகவில்லை. கடைசியில் எதிர்வீட்டு மாமாவின் பேரன் கூரைமேல் ஏறி, ஓட்டைப் பிரித்து, உள்ளே குதித்துக் கதவைத் திறந்தான். பாட்டி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குளிர்ந்த கல்லில் கிடந்திருக்கிறார்.

திருடன் ஒருவனும் வரவில்லை. உதவிக்கு வந்தவர்கள் மட்டுமே என் பூட்டிடம் தோற்றார்கள்.

செய்தி கேட்டு அன்றிரவே ரயில் ஏறினேன். மருத்துவமனையில் பாட்டியின் கட்டிலருகே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்தாம் பேசினார். "அழாதேடா கொழந்தே. உங்கப்பா பூட்டு நல்ல பூட்டுத்தான். ஓட்டைப் பிரிச்சுண்டுன்னா வர வேண்டியிருந்தது!" என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு பல நாள் யோசித்தேன். பழைய தெருவே சொர்க்கம், பூட்டே பாவம் என்று முடிவு கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அது உண்மையும் ஆகாது. வலியசாலையின் கதவுகள் திறந்து கிடந்த காலத்தில் அந்தத் தெரு எல்லாருக்கும் திறந்திருந்ததா? திருவிதாங்கூரில் கோவிலைச் சுற்றியுள்ள வீதியில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடத்தவேண்டியிருந்தது. கோவிற்கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான பிரகடனத்தால். நூறு ஆண்டுக்கு முன் அரம் பிடித்த என் முன்னோர் ஒருவர் இந்தத் திண்ணையில் உரிமையோடு உட்கார்ந்திருக்க முடியுமா? வீட்டுக் கதவுக்குப் பூட்டு இல்லாமல் இருந்ததற்குத் தெருவுக்கே ஒரு பூட்டு இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி அன்பாகவும் இருக்கலாம், விலக்காகவும் இருக்கலாம். அதைப் பாட்டியிடமே ஒரு நாள் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். "வாஸ்தவம்தான். அதனாலதான் இப்போ நீ மாடியில இருக்கறது எனக்குப் பெரிய காவலா இருக்கு" என்றார்.

அன்றியும், காக்கும் கண்கள் இன்று குறைந்து வருகின்றன. எங்கள் வரிசையிலேயே சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு, கைப்பேசியில் வாசலைப் பார்க்கிறார்கள். காமிரா கண்டிப்பாகப் பார்க்கும். ஆனால் ஓட்டைப் பிரித்து உள்ளே குதிக்காது. ஆகவே பூட்டும் வேண்டும். பூட்டைத் திறக்கக்கூடிய அண்டை வீடும் வேண்டும்.

பாட்டி வீடு திரும்புமுன் ஆணிகளைப் பிடுங்கி அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தேன். தாழ்ப்பாள்கள் இரண்டையும் கழற்றினேன். பிறகு தந்தைக்குப் பேசினேன். உள்ளும் புறமும் திறக்கக்கூடிய கதவுப் பூட்டு ஒன்று வேண்டும், அதற்கு நாலு சாவி வேண்டும் என்றேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஏண்டா, நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நாலு சாவி கேட்டு எவனும் வந்ததில்லை. நாலு பேர்கிட்ட சாவி இருந்தா அது என்னடா பூட்டு?" என்றார்.

நடந்ததை முழுவதும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அதுவரை மறைத்திருந்தேன். தம் பூட்டு ஒருவரை இப்படி அடைத்துவைத்தது என்று தெரிந்தால் வருந்துவாரே என்று அஞ்சினேன். அவர் வருந்தத்தான் செய்தார். ஆனால் பத்தாம் நாள் பூட்டு வந்து சேர்ந்தது. ஆறு லீவர். கையால் ராவிய நாலு சாவிகள், ஒன்றுபோல. கூடவே தாளில் ஒரு குறிப்பு: "உள்பக்கம் சாவியைத் துளையிலேயே விட்டு வைக்கக் கூடாது என்று அந்த அம்மாவிடம் சொல். விட்டு வைத்தால் வெளியில் இருந்து திறக்க வராது." தொழிலாளியின் கவலை தொழிலாளிக்குத்தான் தெரியும்.

இப்போது ஒரு தாக்கோல் பாட்டியின் இடுப்பில்; ஒன்று என்னிடம்; ஒன்று அடுத்த வீட்டு மாமியின் அஞ்சறைப் பெட்டியில்; ஒன்று எதிர்வீட்டு மாமாவிடம். பாட்டி கோல் ஊன்றி நடக்கிறார். குனிந்து கோலம் போட முடிவதில்லை. மாமி வந்து போட்டுவிட்டுப் போகிறார். புரட்டாசி முடிவில், பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் குமாரசுவாமியும் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் வந்தபோது நாங்கள் எல்லாரும் பார்க்கப் போனோம். தமிழகப் போலீஸார் எல்லை வரையில் காவலாக வர, களியக்காவிளையில் கேரளப் போலீஸார் அணிவகுத்து வரவேற்று அழைத்து வருகிறார்கள். குமாரசுவாமி தங்குவது எங்களுக்குப் பக்கத்திலுள்ள ஆரியசாலைக் கோவிலில்தான். 1956-இல் மாநில எல்லை நடுவே விழுந்தும் அந்தப் பயணம் நிற்கவில்லை. பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து மாமாவின் பேரனும் நானும் தூக்கிச் சென்றோம். வாசற்கதவைப் பூட்டியது மாமி.

நண்பர்களே, நம்மில் பலர் ஊரை விட்டு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். அறைக் கதவைப் பூட்டுகிறோம். சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். நல்லதே. பூட்டுக்காரன் மகன் வேறென்ன சொல்வான்? ஆனால் இன்றிரவு படுக்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை உங்கள் கதவு திறக்காவிட்டால் அதை முதலில் கவனிப்பவர் யார்? அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறதா?

இல்லையென்றால் சொல்லுங்கள். திண்டுக்கல்லுக்கு எழுதுகிறேன். என் தந்தைக்கு இப்போது நாலு சாவிப் பூட்டுச் செய்வது பழகிவிட்டது.